ஒரு பத்து வருசம் இருக்குமுங்க

ஈரோடு பெருந்துறை ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்கே என் அப்பாவுக்குப் போட்ட கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் நீல மையில் ஒரு வரி இருக்கிறது: ‘கே/சி/ஓ எஸ்ஹெச்டி – 10 இயர்ஸ்’. ரத்தக் கொதிப்புக்காரர், பத்து வருசமாக, என்று பொருள். எழுதின டாக்டருக்கு மூணு விநாடி ஆகியிருக்கும். அந்த வரியால் நின்றுபோன இன்சூரன்ஸ் பணம் கைக்கு வர எங்களுக்கு ஒன்பது மாதம் ஆனது.

வரியைச் சொன்னது என் மாமன்.

2024 ஜூலை. ராத்திரி பதினோரு மணி சுமாருக்கு அப்பாவுக்கு நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று அம்மா போன் பண்ணினாள். எங்கள் தோட்டம் கவுந்தப்பாடிக்கு மேற்கே. கரும்பும் கொஞ்சம் மஞ்சளும். ஆலை ஓட்டி நாட்டுச் சக்கரை காய்ச்சுகிற குடும்பம். பக்கத்து ஊரில் இருக்கிற மாமன்தான் கார் எடுத்துக்கொண்டு ஓடினார். ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் நான் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். நான் கவுன்டரில் அட்வான்ஸ் கட்டிக்கொண்டு நின்ற நேரத்தில், உள்ளே கேசுவாலிட்டியில் சின்ன வயசு டாக்டர் பெண் ஒருத்தி கேள்வி கேட்டிருக்கிறாள். சுகர் இருக்கா, பிபி இருக்கா, எத்தனை வருசமா? அப்பா பேசுகிற நிலையில் இல்லை. கார் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே மாமன் சொல்லியிருக்கிறார், “பிபி இருக்குதுங்க. அது இருக்குமுங்க, ஒரு பத்து வருசம்.”

எங்கள் பக்கத்தில் பத்து வருசம் என்பது எண் கிடையாது. கொஞ்ச நாளாச்சு, சரியாகத் தெரியாது, தெரியாது என்று சொன்னால் மரியாதையாக இருக்காது — இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்கிற சொல் அது. தார் ரோடு போட்டுப் பத்து வருசம் இருக்கும். பெரிய மாடு செத்துப் பத்து வருசம் இருக்கும். ‘ஒரு பத்து நிமிசமுங்க, வந்தர்றேன்’ என்று சொன்னவர் பொழுதோட வருவார், யாரும் கோவித்துக்கொள்வதில்லை. கேட்டவருக்குப் பதில் இல்லாமல் விடக்கூடாது என்கிற பண்பாடு இது. ஆஸ்பத்திரியில் இது ஆவணமாகிவிடும் என்று மாமனுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

விடியக்காலம் ஆஞ்சியோ பண்ணி ரெண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். அப்பா தப்பித்தார். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். வைத்தியத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

இன்சூரன்ஸ் டெஸ்க் தரைத்தளத்தில், மருந்துக்கடைக்குப் பக்கத்தில். ஒரு பையன், ரெண்டு கம்ப்யூட்டர், எந்நேரமும் நாலு குடும்பம். ‘அப்ரூவல் வந்துருச்சா தம்பி’, ‘க்வெரி வந்திருக்குங்கக்கா’ என்கிற இந்த ரெண்டு வாக்கியத்தில்தான் அந்த இடம் ஓடுகிறது. அந்த வருசம் மே 29-ந் தேதிதான் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ ஒரு மாஸ்டர் சர்க்குலர் போட்டிருந்தது. கேஷ்லெஸ், அதாவது நாம் பணம் கட்டாமல் கம்பெனியே ஆஸ்பத்திரிக்குக் கட்டுவது, கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் கம்பெனி பதில் சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜுக்கு மூணு மணி நேரத்துக்குள் அனுமதி தர வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி ஆஸ்பத்திரி கூடுதலாகக் கேட்டால் அந்தப் பணம் கம்பெனியின் பங்குதாரர் நிதியிலிருந்து போக வேண்டும். இதை நான் அந்தப் பையனிடம் சொன்னேன். “ரூல்ஸ் கரெக்டுங்கக்கா. க்வெரி போட்டா கடிகாரம் நின்னுருங்க” என்றான். இது அவன் கண்டுபிடித்த சட்டமா, பட்டறிவா தெரியவில்லை. நடந்தது அப்படித்தான்.

க்வெரி என்ன? ‘ரத்தக் கொதிப்புக்கு முதன்முதலில் பார்த்த டாக்டரின் சீட்டு, எத்தனை வருடம் என்ற விவரத்துடன்.’ அந்தச் சீட்டு எங்களிடம் இல்லை. ஏன் இல்லை என்பது பின்னால் வரும். சாயங்காலம் கேஷ்லெஸ் மறுக்கப்பட்டது. பணத்தைக் கட்டிவிட்டு ரீஇம்பர்ஸ்மென்ட்டில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். மொத்த பில் 2,81,400. அம்மாவின் ஆரமும் என்னுடைய ரெண்டு வளையலும் கூட்டுறவு வங்கிக்குப் போயின. நகைக்கடன் கவுன்டரில் எங்களுக்கு முன்னால் நின்ற அம்மிணியும் ஆஸ்பத்திரிக் கணக்குக்குத்தான் வந்திருந்தாள்.

செப்டம்பரில் கடிதம் வந்தது. மூணு பக்கம், ஆங்கிலம். உங்களுக்குப் பத்து வருடமாக ரத்தக் கொதிப்பு இருந்திருக்கிறது, 2021 ஜூனில் பாலிசி எடுக்கும்போது அதைச் சொல்லவில்லை, உண்மையை மறைத்ததால் கிளெய்ம் நிராகரிக்கப்படுகிறது, பாலிசியும் ரத்து. அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு கடிதத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். “என்ன சொல்றாங்க கண்ணு?” என்றார். மறைச்சுட்டீங்கன்னு சொல்றாங்கப்பா என்றேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பணம் இல்லை என்று சொல்லியிருந்தால் இத்தனை பாதித்திருக்காது. ஆயுசுக்கும் சக்கரை மண்டியில் ஒரு மூட்டைக்குக் கூட ஏமாற்றுக்காரன் பேர் வாங்காத மனுசன்.

இந்த இடத்தில் நானே குழம்பியதைச் சொல்ல வேண்டும். எங்கள் பாலிசியில், ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் மூணு வருசம். 2024-இன் புதிய விதிகளும் அதற்கு மேல் வைக்கக் கூடாது என்கின்றன. முன்பு நாலு வருசம் வரை வைக்கலாம். அப்பாவுக்கு அட்டாக் வந்தது முப்பத்தேழாவது மாதம். சரி, காத்திருப்புக் காலம்தான் முடிந்துவிட்டதே, இனி பத்து வருசம் இருந்தால் என்ன, இருபது வருசம் இருந்தால் என்ன? இப்படித்தான் நானும் நினைத்தேன். தப்பு. காத்திருப்புக் காலம் என்பது சொன்ன நோய்க்கு. சொல்லாத நோய்க்குக் கதை வேறு. சொல்லியிருந்தால் மூணு வருசம் கழித்துப் பணம் வரும். சொல்லாமல் விட்டால் மூணு வருசம் கழித்தும் ‘மறைத்தாய்’ என்று ஒப்பந்தத்தையே கிழித்துப் போடலாம். அந்தக் கத்தி கீழே விழ அறுபது மாதம் ஆகும். மொரட்டோரியம் என்று பேர். விட்டுப்போகாமல் அறுபது மாதம் புதுப்பித்துவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, சொல்லவில்லை, மாற்றிச் சொன்னாய் என்று எதையும் காரணம் காட்ட முடியாது. 2024 ஏப்ரலுக்கு முன்னால் இது எட்டு வருசம். எங்களுக்கு இன்னும் இருபத்து மூணு மாதம் பாக்கி இருந்தது.

நியாயமாகவும் பேச வேண்டும். எங்கள் ஒறம்பரையில் மறைக்கிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். இன்சுலின் போட்டுக்கொண்டே ‘சுகர் இல்லை’ என்று கையெழுத்துப் போட்டவர் ஒருத்தரை எனக்குத் தெரியும். ‘அதெல்லாம் எழுதுனா பிரீமியம் ஏறும், உடுங்க’ என்று சொல்லிக் கொடுப்பதும் ஏஜென்ட்தான். 2009-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. நாள்பட்ட சர்க்கரை நோயும் சிறுநீரகக் கோளாறும் இருந்தவர் நல்ல ஆரோக்கியம் என்று எழுதிக் கொடுத்துப் பாலிசி எடுத்து, கொஞ்ச நாளில் இறந்துபோனார். கேட்ட கேள்விக்குத் தெரிந்த உண்மையைச் சொல்வது கடமை என்றது நீதிமன்றம். அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஊரார் பணத்தில் ஓடுகிற ஏலச்சீட்டு மாதிரிதான் இதுவும். ஒருத்தன் பொய் சொன்னால் மற்றவனுக்குப் பிரீமியம் ஏறும்.

ஆனால் அந்தக் கடமையில் ‘தெரிந்த’ என்று ஒரு சொல் இருக்கிறதே, அதில்தான் எங்கள் கேஸ் உட்கார்ந்திருந்தது.

2021-இல் அப்பாவுக்கு பிபி இருந்ததா? தெரியாது. யாரும் கட்டிப் பார்க்கவில்லை. அறுபத்து மூணு வயசு வரைக்கும் அப்பா டாக்டரைப் பார்த்தது ரெண்டே முறை. ஒருமுறை தேள், ஒருமுறை மண்வெட்டி. ரத்தத்தில் அழுத்தம் ஏறி இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் விதியில் ‘ஏற்கெனவே இருக்கும் நோய்’ என்பதற்குக் கொடுத்திருக்கிற விளக்கம் உடம்புக்குள் என்ன இருந்தது என்று கேட்கவில்லை. பாலிசிக்கு முந்தின முப்பத்தாறு மாதத்துக்குள் டாக்டர் கண்டுபிடித்துச் சொன்ன நோய், அல்லது டாக்டர் மருந்தோ ஆலோசனையோ சொன்ன நோய் என்றுதான் கேட்கிறது. யாரும் கண்டுபிடிக்காத நோயை அப்பா எங்கிருந்து மறைப்பார்?

அப்படியானால் எப்போது கண்டுபிடித்தார்கள்? அதற்குத்தான் காகிதம் வேண்டும். கம்பெனி கேட்ட முதல் சீட்டு ஏன் இல்லை என்றால், அப்பாவுக்கு பிபி இருக்கிறது என்று கண்டுபிடித்தது எந்த கிளினிக்கும் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கின அரசுத் திட்டம் இருக்கிறதே, அதில் வீடு வீடாக வருகிற அம்மா ஒருத்தர், திண்ணையில் உட்கார வைத்துக் கையில் பட்டையைச் சுற்றி, ‘160/100 இருக்குதுங்கய்யா, நாளைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து டாக்டரைப் பாத்துருங்க’ என்று சொன்னதுதான் முதல் நாள். பிறகு மாதாமாதம் மாத்திரை வீட்டுக்கே வரும். அம்லோடிபின், 5 எம்ஜி. அப்பா அதை வெற்றிலைப் பெட்டியில் போட்டு வைப்பார்.

இது எந்த வருசம்? அம்மா பெரியவன் கல்யாணத்துக்கு முந்தி என்றாள். அப்பா மழை பெய்த வருசம் என்றார். மாமனைக் கேட்கவே வேண்டாம்.

அந்தத் திட்டத்தில் கொடுத்த அட்டை ஒன்று இருந்தது. சாமி படத்துக்குப் பின்னால், ரேஷன் கார்டு, கிட்டங்கி ரசீது, மின்சார வாரியக் கடிதம் இவற்றுக்கு நடுவில், ஓரம் கரையான் அரித்து, மஞ்சள் பொடி அப்பிக் கிடைத்தது. முதல் பதிவு 2022 செப்டம்பர். பாலிசி எடுத்துப் பதினைந்து மாதம் கழித்து. அதற்கு மேல் சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பதிவேட்டில் அதே தேதி, அதே அளவு. மருத்துவ அலுவலர் பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்து, ‘முதன்முறையாகக் கண்டறியப்பட்டது’ என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தார். பத்து பைசா செலவில்லை. எத்தனையோ பேர் கேலியாகப் பேசுகிற கவர்மென்ட் நோட்டு, ஏசி ஆஸ்பத்திரியின் கேஸ் ஷீட்டைவிட ஒழுங்காக இருந்தது. பாலிசி எடுத்த பிறகு வந்த நோயைக் கம்பெனிக்குச் சொல்லாமல் விட்டதற்காக மறைத்தாய் என்று சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரி அத்தனை சுலபமாக இல்லை. முதலில் கேஸ் ஷீட் நகல் வேண்டும் என்று கேட்டேன். டிஸ்சார்ஜ் சம்மரி கொடுத்தாச்சே, கேஸ் ஷீட் எல்லாம் தரமாட்டோம் என்றார்கள். 2002-இல் மருத்துவக் கவுன்சில் போட்ட நடத்தை விதிகளில், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. மூணு வருசம் பத்திரமாக வைத்திருக்கவும் வேண்டும். அந்த விதியின் எண்ணைப் போட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கினேன். மறுநாள் மதியம் நூற்றுச் சொச்சம் பக்கம் கொடுத்தார்கள், ஜெராக்ஸ் காசு வாங்கிக்கொண்டு. அதில்தான் அந்த நீல மை வரியை முதன்முதலாக என் கண்ணால் பார்த்தேன். தகவல் சொன்னவர் யார் என்கிற இடத்தில் ‘உறவினர்’ என்று எழுதியிருந்தது. இந்த ஒரு சொல் பின்னால் ரொம்ப உதவியது. சொன்னவர் நோயாளி இல்லை.

திருத்திக் கொடுங்கள் என்றதற்கு, எழுதினதை அடிக்க மாட்டோம் என்றார்கள். யோசித்துப் பார்த்தால் அதுவும் நல்லதுதான். அடித்துத் திருத்திய கேஸ் ஷீட்டை யார் நம்புவார்கள்? கடைசியில் இருதய டாக்டரே, ‘நோயின் கால அளவு உடன் வந்தவர் உத்தேசமாகச் சொன்னது, எங்களிடம் அதற்கு முந்தைய சிகிச்சை ஆவணம் எதுவும் காட்டப்படவில்லை’ என்று தனியாக ஒரு கடிதம் கொடுத்தார். ரெண்டு வரி. அந்த மனுசனுக்கு என்ன அவசியம்? ஆனாலும் கொடுத்தார்.

அப்புறம் புரபோசல் பாரம், பாலிசி கேட்டு நிரப்பிக் கொடுக்கிற விண்ணப்பம். அதைப் பாலிசியோடேயே கொடுத்திருக்கிறார்கள், நாங்கள்தான் பிரிக்கவில்லை. ஏஜென்ட் எங்கள் பங்காளி மகன், நல்ல பையன். அன்றைக்குக் களத்துமேட்டில் நின்றுகொண்டு அவன் போனில் தட்டினான். “ஏதாச்சும் சீக்கு இருக்குதுங்களா பெரியப்பா?” “ஒண்ணுமில்ல சாமி.” “ஓடிபி சொல்லுங்க.” அவ்வளவுதான். பதினெட்டு கேள்விக்கு ‘இல்லை’ என்று டிக். எல்லாம் உண்மையும்கூட. ஆனால் எடை என்ற இடத்தில் 62 கிலோ என்று போட்டிருந்தான். அப்பா அன்றைக்கு எழுபதுக்குக் குறையமாட்டார். கேட்காமலேயே கண்ணளவில் போட்டுவிட்டான். அந்த 62-ஐப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. கம்பெனி கடைசி வரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போது பேசுவார்களோ என்று நான் மட்டும் பயந்துகொண்டிருந்தேன்.

கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு முதலில் எழுத வேண்டும். எழுதினேன். அந்த மாஸ்டர் சர்க்குலர் இன்னொன்றும் சொல்கிறது: கிளெய்மை ஒரு கிளார்க் தட்டிக் கழிக்க முடியாது, கிளெய்ம் ரிவியூ கமிட்டி என்று மூணு பேர் குழு பார்த்து ஒப்புக்கொண்டால்தான் நிராகரிக்கலாம், எந்த நிபந்தனையின் கீழ் என்றும் குறிப்பிட வேண்டும். அந்தக் கமிட்டி பார்த்ததா, எந்தத் தேதியில் என்று கேட்டேன். அதற்கு மட்டும் பதில் வரவில்லை. மற்றபடி பழைய கடிதமே புதுத் தேதியில் வந்தது.

அடுத்து ரெண்டு வழி. ஈரோட்டிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ரெண்டு வருசத்துக்குள். மன உளைச்சலுக்கும் கேட்கலாம். இன்னொன்று சென்னையில் இருக்கிற இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன் என்கிற குறைதீர்ப்பாளர். 50 லட்சம் வரைக்கும் பார்ப்பார். கட்டணம் இல்லை, வக்கீல் கூடாது. கம்பெனி கைவிரித்த ஒரு வருசத்துக்குள் போக வேண்டும். அவர் தீர்ப்பு கம்பெனியைக் கட்டும், நம்மைக் கட்டாது. பிடிக்காவிட்டால் அப்புறம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் ஆணையத்தில் கேஸ் நடக்கும்போது இவரிடம் வரமுடியாது. வரிசை முக்கியம். எங்கள் ஆடிட்டர், “மொதல்ல காசில்லாத கதவத் தட்டும்மா” என்றார். நவம்பரில் ஆன்லைனில் போட்டேன்.

பிப்ரவரியில் வீடியோவில் விசாரணை. தோட்டத்துச் சாளையில் வாசல் பக்கம்தான் சிக்னல் கிடைக்கும். தண்ணிச் சொம்பில் போனைச் சாய்த்து வைத்து, எதிரே கயிற்றுக் கட்டிலில் அப்பாவும் நானும். அப்பா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, தோளில் இருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திரையில் ஓம்புட்ஸ்மேன் முகம் தெரிந்ததும் எழுந்து நின்றுவிட்டார். உட்காருங்கள் ஐயா என்று அவர் சொல்ல வேண்டியதாயிற்று.

எனக்குப் பயமெல்லாம் ஒன்றுதான். அப்பா எல்லாவற்றுக்கும் ‘ஆமாங்க’ சொல்கிறவர். பெரிய மனுசர் கேட்டால் இல்லை என்று சொல்வது அவர் வாயில் வராது. கம்பெனி சார்பில் வந்த டாக்டர் நல்ல தமிழில், மெதுவாகத்தான் கேட்டார்.

“ஐயா, உங்களுக்கு முன்னாடியே அப்பப்ப தலைசுத்தல் இருந்ததா?”

“ஆமாங்க.”

என் வயிறு கலங்கியது. அப்பா விடவில்லை, தொடர்ந்தார். “கரும்பு வெட்டறப்ப வெய்யில்ல எல்லார்த்துக்கும் சுத்துமுங்க. இந்தப் புள்ளைக்கும் சுத்தும்.”

“அதுக்கு டாக்டர்கிட்டப் போனீங்களா?”

“எதுக்குங்க? மோர் குடிச்சாச் சரியாப் போயிருமுங்க.”

ஓம்புட்ஸ்மேன் எழுதிக்கொண்டார். பிறகு கம்பெனி டாக்டரிடம் கேட்டார்: 2021-க்கு முந்தைய மருந்துச் சீட்டு, பரிசோதனை ரிப்போர்ட், கடை பில் ஏதாவது உங்கள் விசாரணையில் கிடைத்ததா? அவர் கேஸ் ஷீட் வரியைக் காட்டினார். அது இல்லாமல்? இல்லை. பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. போனை அணைத்த பிறகும் அப்பா உட்கார்ந்த நிலையிலேயே இருந்தார்.

மார்ச்சில் தீர்ப்பு. மறைத்தார் என்று காட்ட வேண்டியது கம்பெனி. உறவினர் உத்தேசமாகச் சொன்ன ஒரு வரியை வைத்து மட்டும் அதைக் காட்டிவிட முடியாது. அரசுப் பதிவேடு வேறு தேதி சொல்கிறது. கிளெய்மைக் கொடுக்கவும், பாலிசியைத் தொடர்ச்சி அறாமல் திரும்ப உயிர்ப்பிக்கவும் உத்தரவு. தொடர்ச்சி என்கிற அந்தச் சொல்தான் எனக்குப் பணத்தைவிடப் பெரிசு. அது இல்லாவிட்டால் அறுபது மாதக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து.

ஆனால் 2,81,400 வரவில்லை. 2,24,000 வந்தது. குறைந்த 57,400-இல் 9,400 கையுறை, முகக்கவசம், பதிவுக் கட்டணம் போன்ற சில்லறை. அது எந்தப் பாலிசியிலும் அனேகமாக வராது. மீதி 48,000 எங்கள் சொந்த முட்டாள்தனம். பாலிசித் தொகை 3 லட்சம், அறை வாடகை அதில் ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 3,000. அம்மா ‘நாலு பேர் பாக்க வருவாங்க, பொது வார்டுல படுக்க வெச்சா என்ன நெனப்பாங்க’ என்றதால் 4,500 ரூபாய் அறை எடுத்தோம். நாலு நாளைக்குக் கூடுதல் 6,000-தானே, கையிலிருந்து கட்டிவிடலாம் என்று நினைத்தேன். கணக்குப் போட்டே பிழைக்கிறவள் நான். பாலிசியில் புரபோர்ஷனேட் டிடக்‌ஷன் என்று ஒரு வரி இருக்கிறது. தகுதிக்கு மேல் அறை எடுத்தால், அறையோடு சேர்ந்த டாக்டர் ஃபீஸ், ஆஞ்சியோ பண்ணுகிற கேத் லேப், நர்சிங் எல்லாவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். 4,500-க்கு 3,000 என்றால் மூன்றில் ஒரு பங்கு போச்சு. எங்களுக்கு அந்தத் தலைப்பில் 1,26,000 ஆகியிருந்தது, 42,000 வெட்டு. ஸ்டென்ட், மருந்து, பரிசோதனை இவற்றில் வெட்டக்கூடாது என்பது விதி. அதனால் அந்த 1,28,000 தப்பித்தது. 6,000 ரூபாய் கௌரவத்துக்கு 42,000 ரூபாய் அபராதம். ஓம்புட்ஸ்மேன் இதில் கம்பெனி சொன்னதுதான் சரி என்றார். சரிதான்.

இதில் இன்னொரு வேடிக்கை, பார்க்க வந்த நாலு பேரில் ரெண்டு பேர் முதல்வர் காப்பீட்டு அட்டையில் இதே ஸ்டென்டை ஒரு ரூபாய் செலவில்லாமல் வைத்துக்கொண்டவர்கள். அந்த அட்டைக்கு வருட வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். தோட்டம் துரவு இருக்கிற வீட்டுக்கு வருமானச் சான்று எப்படி வருகிறது என்று ஆடிட்டர் ஆபீஸில் இருந்துகொண்டு நான் பேசினால் சரிவராது. விட்டுவிடுகிறேன்.

ஏப்ரலில் பணம் வந்ததும் முதலில் நகையைத் திருப்பினோம். மாமன் அந்த ஒன்பது மாதமும் எங்கள் வீட்டுப் பக்கம் சரியாக வரவில்லை. யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவருக்கே தெரிந்துவிட்டது. பணம் வந்த அன்றைக்கு ஒரு குலை இளநீர் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டு, “அந்தப் புள்ள கேட்டப்ப தெரியாதுன்னு சொல்லியிருக்கோணும் கண்ணு” என்றார். அப்பாதான், “உடு மாப்ள, கார் ஓட்டிட்டு வந்தவன் நீதான” என்றார்.

ஜூனில் புதுப்பித்தோம். 18 சதவீத ஜிஎஸ்டியோடு. 2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் பாலிசிக்கு அந்த வரி இல்லை என்று ஆனது. மூணு மாதம் முந்திக்கொண்டோம். இந்த 2026 ஜூனோடு அறுபது மாதம் முடிகிறது.

அதனால்தான் போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு சண்டை. 62 கிலோவைத் திருத்தச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதலாமா என்று ஏஜென்ட் பையனைக் கேட்டேன். அவன் பதறிப்போனான். “அக்கா, நீங்களே போய்ச் சொறிஞ்சு விடாதீங்க. இன்னும் அஞ்சு மாசம். ஜூன் தாண்டுனா அறுபது மாசம் முடிஞ்சிருதுங்க. அப்புறம் எத்தன கிலோன்னு எவனும் கேக்க முடியாது. சும்மா இருங்க.” அவன் சொல்வது விவரமான யோசனைதான். என் ஆபீஸில் யாராவது கட்சிக்காரர் கேட்டிருந்தால் நானும் ஏறக்குறைய அதையேதான் சொல்லியிருப்பேன்.

அப்பா கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து ஆலைக்கொட்டகைக்குப் போனார். சக்கரை மூட்டை எடை போடுகிற மின்னணுத் தராசு அங்கே இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறி நின்றார். மடியில் இருந்த வெற்றிலைப் பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

71 கிலோ 400.

“எழுதிக்க” என்றார்.

மெயில் அனுப்பி மூணு வாரம் ஆகிறது. பதில் வரவில்லை.